சொராரிட்டிச் செய்தியைப் படிப்பது எப்படி? மன்னார்குடியிலிருந்து ஒரு முன்னாள் வார்டன்

தங்கை பேத்தி அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன ஆகஸ்டில் சொராரிட்டி ஒன்றில் சேர்ந்தாள். கிரேக்க எழுத்தில் பேர் வைத்த பெண்கள் சங்கம். சந்தா உண்டு, ஆயுளுக்கும் உறுப்பினர். அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வீடியோ, குட்டைப் பாவாடையில் பெண்கள் வாசலில் ஆடுவதாக. "இதுக்குத்தான் படிக்கப் போனாளா?" என்று தங்கை அழுதாள். இருபத்தாறு வருஷம் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டவள் நான். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எடுத்ததும் மாதத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் என்றால் அது 'ரஷ்', ஆள் சேர்க்கும் நேரம். 2021-ல் அலபாமாப் பெண்கள் அன்றன்றைக்கு உடுத்தியதை டிக்டாக்கில் போட, ஊர் உலகமே பார்த்தது. கல்யாணப் பந்தலைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் தினமும் நாகஸ்வரம் என்று நினைக்கலாமா?

எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்பதுதான் பெரிய விஷயம். தண்ணீர்ப் பஞ்சம் பற்றி எழுத எங்கள் விடுதிக்கு ஒரு நிருபர் வந்தார். மோட்டார் எரிந்தது, லாரி வராதது, பெண்கள் முறைபோட்டு வாளி தூக்கியது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். மறுநாள் வந்தது மொட்டைமாடிக் கொடியில் காயும் நைட்டிகளின் படம். தண்ணீர் நாலாவது பத்தியில். வாளி முறையை எழுதி ஒட்டிய பெண், படத்தில் தன் நைட்டியைக் கண்டுபிடித்து, ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு வரவில்லை.

அதே அலபாமாவில் 2013 செப்டம்பரில் 'கிரிம்சன் ஒயிட்' என்ற மாணவர் பத்திரிகை, வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்குவதை எழுதியது. பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று உள்ளேயிருந்த பெண்ணே தன் பேரைப் போட்டுப் பேசினாள். அப்புறம் சேர்க்கையை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஆகவே உடுப்புப் படத்தைத் தள்ளுங்கள். ஒருத்தி பேர் சொல்லிக் குறை சொன்னால் உட்கார்ந்து படியுங்கள். ராகிங் அங்கேயும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. குடிக் கூத்து என்று செய்தி வந்தால் யார் வீட்டில் என்று பாருங்கள். சொராரிட்டி வீட்டுக்குள் மது கூடாது என்பதே பெரும்பாலும் விதி. பார்ட்டி ஆண்கள் சங்க வீட்டில்தான் நடக்கும்.

எல்லாச் சங்கமும் ஒன்றல்ல. 1908-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கியது ஆல்பா காப்பா ஆல்பா. கமலா ஹாரிஸ் அதில் சேர்ந்தது 1986-ல். அவர் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் எங்களுக்குப் பக்கம்தான். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகக் கட்சி மாநாட்டு மேடையில் குடும்பம் யார் யாரென்று சொல்லும்போது அவர் "சித்தி" என்றதும் எங்கள் தெருவே பூரித்தது. அதே பட்டியலில் ஆல்பா காப்பா ஆல்பாவையும் குடும்பம் என்றார். அது ஒருவர் காதிலும் விழவில்லை. சரி, வெளியூர் கேமராக்காரர்களும் துளசேந்திரபுரத்தில் ஃபிளெக்ஸையும் கோலத்தையும்தானே எடுத்துப் போனார்கள்.

கடைசியாக, பெண்ணையே கேளுங்கள். ஆட்டம் பற்றி வேண்டாம். சந்தா எவ்வளவு, ராத்திரி காய்ச்சல் வந்தால் கூட யார் வருவார்கள் என்று கேளுங்கள். தங்கை கேட்டாள். வாரம் ஒரு கூட்டம், வராவிட்டால் அபராதம், நோட்டில் கையெழுத்து என்றாளாம் பேத்தி.

"அடியே, இது நம்ம மகளிர் குழுடீ" என்றாள் தங்கை.