பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: நிறுவும் நாளுக்கு முந்தைய நாள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி பல பழைய லேப்டாப்களில் இல்லை. ஆனால் அந்த லேப்டாப்கள் இன்னும் நன்றாகத்தான் ஓடுகின்றன. அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பல வருடம் ஓட்டலாம்.

லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலைதான். அதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் மறுநாளே வெறுத்துப்போகிறார்கள். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் நிறுவுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் பல வகைகள் உண்டு. இதற்காக ஒரு வாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். லினக்ஸ் மின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மெனு கீழே இடது ஓரத்தில் இருக்கும், விண்டோஸில் பழகிய கை தானாக அங்கே போகும். மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. அதனால் உபுண்டுவுக்குச் சொல்லப்படும் தீர்வுகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சினமன் பதிப்பு.

லேப்டாப்பில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் சுழல்கிறது என்றால், முடிந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் எஸ்எஸ்டி தரும் அளவு வேகம் கிடைக்காது.

முதலில் பேக்கப்

படங்கள், ஆவணங்கள், பிரவுசரின் புக்மார்க்குகள், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். எடுத்ததோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

விண்டோஸ் டிஸ்க்கில் அதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணினி தொடங்கும் (பூட்) அமைப்புகளைத் தொட்டபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

பென்டிரைவ் தயாரிப்பது

மின்ட்டின் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள், ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். கோப்பு சரியாக வந்ததா என்று சரிபார்க்க, எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்து-எண் கொண்ட ஒரு சரத்தையும் அந்தத் தளத்தில் கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால், ஐஎஸ்ஓவின் மேல் வலது கிளிக் செய்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் கெட்டுப்போன பதிவிறக்கம் நிறுவும்போது விசித்திரமான பிழைகளைக் காட்டும். அப்போது காரணம் தேடி அலைவதைவிட இந்த 2 நிமிடம் மேல்.

அப்புறம் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஐஎஸ்ஓவை அதில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

லைவில் ஒரு நாள்

லேப்டாப்பை அணைத்துவிட்டு, பென்டிரைவோடு திரும்ப இயக்குங்கள். அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். இயங்கத் தொடங்கியதும் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். எந்த விசை என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

இப்போது திரையில் தெரியும் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது, இதைத்தான் லைவ் என்கிறார்கள். நீங்களாக நிறுவச் சொல்லும்வரை உள்ளே இருக்கும் டிஸ்க் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள்.

ஒரு நாள் முழுக்க இதிலேயே வேலை செய்யுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, வெளிச்ச விசைகள் வேலை செய்கின்றனவா, பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலரும் மறப்பது மூடியைத்தான். மூடியைச் சாத்தி 5 நிமிடம் விட்டுத் திறங்கள். திரை திரும்ப வர வேண்டும்.

என் அப்பாவின் லேப்டாப்பில் இப்படிச் சோதித்தபோது வைஃபை பட்டியலே காலியாக இருந்தது. அந்த வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் மின்ட்டோடு வரவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கைப் போன் அமைப்பில் இயக்கினேன். சில நொடியில் இணையம் வந்தது. மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன், தேவையான டிரைவரை அதுவே காட்டியது, டிக் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. மொத்தம் 10 நிமிடம். நிறுவி முடித்து விண்டோஸும் போனபிறகு இது தெரிந்திருந்தால், அப்பா அன்றைக்கே லினக்ஸ் வேண்டாம் என்றிருப்பார்.

நிறுவுவது

எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் நிறுவும் ஐகானை இருமுறை தட்டுங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்குகள் வேண்டுமா என்ற பெட்டியில் டிக் போடுங்கள். அடுத்து, டிஸ்க்கை முழுவதும் அழிப்பதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் வைப்பதா என்று கேட்கும். பழைய லேப்டாப் என்றால் முழுவதும் அழிப்பதையே நான் சொல்வேன். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்தால், விண்டோஸ் அப்டேட் பூட் வரிசையை மாற்றிவிடும் தலைவலி எப்போதாவது வரும். புதியவர்களுக்கு அது வேண்டாம். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் இங்கேயே டிஸ்க்கைப் பாஸ்வேர்டால் பூட்டும் என்க்ரிப்ஷனையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் கோப்புகள் திரும்பக் கிடைக்காது.

நிறுவிய பிறகு

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். லைவில் சேர்த்த டிரைவர் நிறுவிய கணினிக்கு வராது, டிரைவர் மேனேஜரில் அதைத் திரும்பச் சேருங்கள். மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்டைத் திறந்து, இயங்குதளத்தின் அன்றைய நிலையை வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டும்தான். இயல்பான அமைப்பில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது. அவற்றுக்கு வெளி டிஸ்க் பேக்கப் தொடர வேண்டும்.

அந்தப் பென்டிரைவை அழிக்காமல் ஒரு சீட்டு ஒட்டி மேசை டிராயரில் போட்டு வையுங்கள். என்றைக்காவது லேப்டாப் பூட் ஆகாமல் நின்றால், அதிலிருந்து லைவில் நுழைந்து உள்ளே இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடலாம்.