தக்கைத் தூண்டிலில் ஜிலேபி பிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

தூண்டில் பழக ஏரி, கண்மாய்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டைதான் சரியான மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இப்போது பெரும்பாலான நீர்நிலைகளில் இருக்கிறது. கரையோரமே மேயும், மண்புழுவையும் மாவையும் தயங்காமல் எடுக்கும். பல கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு (மீன்பாசிக் குத்தகை) விடப்பட்டிருப்பதால், இறங்கும் முன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவையானவை

10 முதல் 12 அடி நீளமுள்ள, நுனி வளையும் காய்ந்த மூங்கில் கம்பு. அதே நீளத்துக்கு 0.20 அல்லது 0.25 மி.மீ. நரம்பு (தூண்டில் இழை). 10 அல்லது 12-ஆம் நம்பர் தூண்டில் முள் (நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும், ஜிலேபிக்கு வாய் சின்னது). கொஞ்சம் ஈயத் தகடு, ஒரு தக்கை (மீன் கொத்துவதைக் காட்டும் மிதவை).

தக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நெட்டியிலோ பழைய ஹவாய் செருப்பிலோ பென்சில் கனத்தில், 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். நடுவில் ஊசியால் நீளவாக்கில் துளையிட்டு நரம்பைக் கோத்து, துளையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகுங்கள். குச்சியை உருவினால் தக்கை நகரும், செருகினால் நிற்கும். பெரிய தக்கை நன்றாகத் தெரியும் என்று எடுத்துவிடாதீர்கள். புதியவர்களுக்கு மீன் தப்புவது பெரும்பாலும் இதனால்தான்: இரையை இழுக்கும்போது தக்கை எதிர்த்து இழுத்தால், மீன் உடனே துப்பிவிடும்.

கட்டும் முறை

நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை மேல் நரம்பில் 5 அல்லது 6 சுற்று சுற்றுங்கள். பிறகு காதை ஒட்டியுள்ள வளையத்துக்குள் நுனியை விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் சூடேறி அந்த இடம் பலவீனமாகும். பெரிய மீன் மாட்டும்போது அங்கேதான் அறும்.

முள்ளுக்கு நான்கு விரல் மேலே ஈயத் தகட்டைச் சுற்றுங்கள். எவ்வளவு ஈயம் என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. இரை கோத்த தூண்டிலை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தக்கை நிமிர்ந்து நின்று, ஒரு நக அளவு மட்டும் வெளியே தெரிய வேண்டும். பாதித் தக்கை வெளியே நின்றால் ஈயம் போதாது. முழுக முழுகப் போனால் கத்தரியால் துளித்துளியாக நறுக்குங்கள். ஈயத்தைப் பல்லால் கடிக்காதீர்கள்; தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆழம் பார்த்தல்

முள்ளில் ஒரு இரும்பு நட்டை மாட்டி, மீன் பிடிக்கப்போகும் இடத்தில் விடுங்கள். தக்கை முங்கினால் ஆழம் அதிகம். தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துக்கொண்டால் கீழே இறக்குங்கள். தக்கையின் தலை தண்ணீர் மட்டத்தில் நின்றால் அதுதான் ஆழம். இப்போது நட்டைக் கழற்றி, தக்கையை இரண்டு விரல் கீழே இறக்கினால், இரை தரைக்குச் சற்று மேலே தொங்கும்.

இரை

மண்புழுவை 2 செ.மீ. துண்டாக்கி, முள்ளின் வளைவோடு கோத்து, வாலை அரை செ.மீ. ஆட விடுங்கள். முள் நுனி லேசாக வெளியே இருக்கட்டும். கோதுமை மாவென்றால் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, துளிப் பஞ்சு சேர்த்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. உருண்டை மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஈரமாகப் பிசைந்து எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை தண்ணீரில் போட்டு வைத்தால், கால் மணி நேரத்தில் மீன்கள் கூடி வர வாய்ப்புண்டு. அள்ளிக் கொட்டினால் வயிறு நிறைந்த மீன் உங்கள் இரையைத் தொடாது.

தக்கையைப் படித்தல்

காலையும் மாலையும் நல்ல நேரம். நிழல் தண்ணீரில் விழாமல் உட்காருங்கள்.

தக்கை துடிதுடித்து அதே இடத்தில் நின்றால் பொடி மீன் கொத்துகிறது, தூக்காதீர்கள். சாய்ந்து பக்கவாட்டில் ஓடினாலோ, சட்டென்று முங்கினாலோ சுண்டுங்கள். இன்னொன்றும் உண்டு, பலர் தவறவிடுவது: நின்ற தக்கை மேலெழும்பிப் படுத்துக்கொள்ளும். மீன் இரையை வாயில் வைத்து மேலே வருகிறது, ஈயத்தின் பாரம் தக்கைக்கு இல்லை என்று அர்த்தம். அப்போதும் சுண்ட வேண்டும்.

சுண்டுவதற்கு மணிக்கட்டு மட்டும் போதும். கம்பை முழு வேகத்தில் தலைக்கு மேல் வீசினால் வாய் கிழியும், இல்லாவிட்டால் பின்னாலுள்ள மரத்தில் நரம்பு சிக்கும். அடுத்தடுத்து வெறும் முள்ளே வந்தால், முதலில் இரையைச் சிறிதாக்குங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் முள்ளை ஒரு நம்பர் சிறிதாக்குங்கள்.

மாட்டிய மீனைத் தலைப்பக்கமிருந்து பின்னோக்கித் தடவிப் பிடித்தால் முதுகு முள் படுத்துவிடும். வந்தது கெளுத்தியாக இருந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள் இருக்கும், குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். ஈரத் துணியால் அமுக்கிப் பிடித்து, தூண்டில் முள்ளைப் போன வழியிலேயே திருப்பி எடுங்கள்.