தலை ஸ்கேன் தலையெழுத்து அல்ல

குறைமாதக் குழந்தையின் உச்சிக்குழி வழியாக எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெற்றோர் கேட்பது: "பிள்ளை நடக்குமா, பேசுமா, படிக்குமா?" மூன்றுக்கும் ஒரே படத்தில் விடை தேடுவது முதல் தவறு. கைகால் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதத்தை இந்த ஸ்கேன் ஓரளவு முன்கூட்டிக் காட்டும். பேச்சு, கவனம், படிப்பு பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

அதைவிடப் பெரிய தவறு, ஸ்கேன் எடுத்த தேதியைப் பார்க்காதது. மூளைக்குள் இருக்கும் நீர் நிரம்பிய அறைகளில் வரும் ரத்தக்கசிவு பெரும்பாலும் பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்துவிடும். முதல் வார ஸ்கேனில் தெரியும். வெண்பொருள் (மூளையின் நரம்பு இழைகள் ஓடும் பகுதி) பாதிப்பு அப்படியல்ல. செத்துப்போன இடம் நீர்க்கட்டியாக மாறவே பொதுவாக 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பிறகு அந்தக் கட்டிகள் சுருங்கி மறைந்தும் போகலாம். முதல் வாரம் 'நார்மல்', பல வாரம் கழித்து எடுத்தாலும் ஏறக்குறைய 'நார்மல்'; நடுவில் வந்துபோனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்து, முதலில் குறித்திருந்த பிரசவத் தேதியையொட்டியும் ஒருமுறை எடுக்கிறார்கள்.

அடுத்து கிரேடு. ரத்தக்கசிவை வகைப்படுத்த 1978-இல் வந்த 1 முதல் 4 வரையிலான பிரிவை மதிப்பெண் போலப் படிக்கிறோம். 4 என்பது 3 முற்றியது அல்ல. சிரை அடைபட்டு மூளைத் திசுவே பாதிக்கப்பட்ட வேறு நிலை, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். எண்ணைவிட இடமும் அளவும் முக்கியம். முன்பக்கத்தில் ஒருபுறம் மட்டும் சிறிதாக இருக்கும் 4-ஐ விட, பின்பக்கம் இருபுறமும் உள்ள நீர்க்கட்டிகள்தான் நடைக்கு அதிக ஆபத்து. அவை இந்த ரத்தக்கசிவுக் கிரேடு கணக்கில் வருவதே இல்லை!

'நார்மல்' என்றதும் பின்தொடர் பரிசோதனையை விடுவதும் தவறே. பரவலான, நுண்ணிய வெண்பொருள் பாதிப்பு இதில் சிக்காது. சிறுமூளையின் சிறு கசிவுகளும் தப்பும். காதுக்குப் பின்னால் கருவியை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நிறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறிய குழந்தைக்கு எம்ஆர்ஐ மேலானது.

முதலில் குறித்திருந்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டு 3 மாத வாக்கில், மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் தன்னிச்சையான அசைவுகளைச் சில நிமிடம் வீடியோ எடுத்துப் பயிற்சி பெற்றவர்கள் மதிப்பிடுவார்கள். ஸ்கேனோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு வலுப்படும். பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் இந்தக் கணக்கும் பிசகிவிடும்.