சூடேற்றாத பசுமைக்குடிலில் குளிர்காலம்: மென்செடிகளையும் போத்துகளையும் காப்பது எப்படி?

சூடேற்றும் வசதியில்லாத பசுமைக்குடில் மழையையும் காற்றையும் தடுக்கும். உறைபனியை முழுதாகத் தடுக்காது. பகல் வெயிலில் சேர்ந்த வெப்பம் இரவில் கண்ணாடி வழியே கசிந்துவிடும். தெளிந்த வானமுள்ள இரவு முடிந்து விடியும் நேரத்தில், வெளியே இருப்பதைவிட உள்ளே சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆகவே குடிலை மட்டும் நம்பி, குளிர் தாங்காத மென்செடிகளையும், வேர்விடுவதற்காக வெட்டி நடும் தண்டுத் துண்டுகளான போத்துகளையும் விட்டுவிடாதீர்கள்.

முதல் படி: உறைபனி விழத் தொடங்குமுன் ஜெரேனியம், ஃபியூஷியா போன்றவற்றை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு முன் பழுத்த இலைகளையும் வாடிய பூக்களையும் கிள்ளி எடுங்கள். இலைகளைத் திருப்பி அசுவினியும் வெள்ளை ஈயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டாலியாவின் இலைகள் பனியில் கருகியதும் கிழங்கைத் தோண்டி, காயவைத்து, உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால் போதும்.

அடுத்து, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிந்து காட்டும் வெப்பமானி ஒன்றைச் செடிகளின் உயரத்தில் மாட்டுங்கள். கண்ணாடியின் உட்புறம் குமிழ்த்தாள் (காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்கள். காற்றுத் திறப்புகளைத் திறக்க முடியாதபடி அவற்றின் மேல் மட்டும் தாளை ஒட்டிவிடாதீர்கள். தொட்டிகள் தரையில் இருக்க வேண்டாம், பலகை மேல் ஏற்றுங்கள். தொட்டியில் மண் குறைவு என்பதால் வேர் சீக்கிரம் உறைந்துவிடும்.

மூன்றாவது படிதான் முக்கியம்: தண்ணீர். குளிரைவிட ஈரத்தால் சாகும் செடிகளே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. குளிரில் செடி அதிகம் வளர்வதில்லை, தண்ணீரை உறிஞ்சுவதும் குறைவு. ஈர மண்ணில் வேர் அழுகிவிடும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கினால் இலேசாக இருக்கிறதா? அப்போதுதான் ஊற்ற வேண்டும். அதுவும் காலையில், இலையில் படாமல், கொஞ்சமாக. வெயில் அடிக்கும் நாளில் நண்பகலில் காற்றுத் திறப்பைத் திறந்து, பொழுது சாயுமுன் மூடிவிடுங்கள். காற்றோட்டம் நின்றால் சாம்பல் பூஞ்சை வரும். தண்டின் அடியில், உதிர்ந்த இலை ஒட்டியிருக்கும் இடத்தில்தான் அது தொடங்கும்: பழுப்பான ஈரத் திட்டு, அதன் மேல் சாம்பல் நிற மயிர்கள், விரல் பட்டால் தூசியாகப் பறக்கும். அந்தப் பகுதியை நல்ல தண்டு தெரியும் வரை வெட்டிக் குடிலுக்கு வெளியே போடுங்கள்.

போத்துகளைக் கோடை முடிவிலேயே நட்டு, குளிருக்கு முன் வேர்விடச் செய்வது நல்லது. மணலோ பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) தாராளமாகக் கலந்த மண்ணில், சிறு தொட்டிகளில் வையுங்கள். பெரிய தொட்டியில் மண் காயவே காயாது. ஃபியூஷியா போத்துகளை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, மூடியைத் தினமும் சற்று நேரம் திறந்து வையுங்கள். ஜெரேனியம் போத்தை மூடவே கூடாது, அழுகிவிடும்.

உறைபனி வரும் என்று தெரிந்தால் மாலையிலேயே, குடிலுக்குள் இருக்கும் செடிகள் மேல் பனிகாப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். துணி இல்லையென்றால் செய்தித்தாளும் உதவும். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள், செடிக்கு வெளிச்சம் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு செடி பனியில் கருகினால், உடனே வெட்டாதீர்கள். காலை வெயில் நேரடியாகப் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். சில நாள் கழித்துத் தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வசந்தத்தில் துளிர் வந்த பிறகு, அந்தத் துளிருக்கு மேலே வெட்டிவிடலாம்.