பிரீஸ்கூல் கட்டணத்துக்கு டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ: பணத்தை விடாமல் பெறுவது எப்படி

அமெரிக்காவில் சம்பளத்துக்கு வரி பிடிக்கும் முன்பே பிரீஸ்கூல் கட்டணத்துக்கென ஒதுக்கிக்கொள்ள உதவும், கம்பெனி வழியாகக் கிடைக்கும் கணக்குதான் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ. 2026 முதல் ஆண்டு வரம்பு குடும்பத்துக்கு 7,500 டாலர். தம்பதி தனித்தனியாக வரி தாக்கல் செய்தால் ஆளுக்கு 3,750. இருவர் கம்பெனியிலும் வசதி இருந்தாலும் வரம்பு ஒன்றுதான். எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்கான விசா) வேலைக்கும் போகாமல், முழுநேரம் படிக்காமலும் துணை வீட்டில் இருந்தால் பொதுவாக இந்தச் சலுகை பொருந்தாது.

ஓப்பன் என்ரோல்மென்ட்டில், அதாவது கம்பெனி சலுகைகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் காலத்தில், சேருங்கள். தவறவிட்டால், குழந்தை பிறந்தாலோ பள்ளியின் கட்டணம் மாறினாலோ பெரும்பாலும் நடுவிலும் சேரலாம். ஹெச்ஆரிடம் உடனே கேளுங்கள், அவகாசம் குறைவு.

கட்டிய கட்டணத்தைக் கணக்கிலிருந்து கேட்கும் விண்ணப்பம் ஏற்கப்படாமல் திரும்பி வருவது பெரும்பாலும் ரசீது சரியில்லாததால்தான். பள்ளியின் பெயர், குழந்தையின் பெயர், தொகை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் வேண்டும். கிரெடிட் கார்டு பில் போதாது. பிப்ரவரி கட்டணத்தை ஜனவரியிலேயே கட்டியிருந்தாலும், பிப்ரவரி நாட்கள் கழிந்த பிறகே பணம் கேட்க முடியும். அதுவும் கணக்கில் அதுவரை சேர்ந்த தொகைக்குள்தான்.

கிண்டர்கார்டன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) கட்டணத்துக்கு இது செல்லாது. பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னுமான பராமரிப்புக்குச் செல்லும். குழந்தை செப்டம்பரில் கிண்டர்கார்டன் போகிறதென்றால் ஆகஸ்ட் வரைக்குமான பிரீஸ்கூல் செலவைக் கணக்கிட்டு ஒதுக்குங்கள். செலவழியாத பணம் போய்விடும். பள்ளியின் வரி அடையாள எண்ணை டபிள்யூ-10 படிவத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வரி தாக்கலில் 2441 படிவத்துக்கு அது தேவை.