பழைய என்யூசியில் ரேம், பயோஸ் மாற்றும்போது

ஐந்தாம் தலைமுறை இன்டெல் என்யூசி என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டு வீட்டு விளக்கு, கேமராவையெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டி திணறினால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். ஹோம் அசிஸ்டன்டின் அமைப்புகளில் சிஸ்டம், ஹார்டுவேர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெமரி எந்நேரமும் விளிம்பில் நின்றால் ரேம் போட்டாலே போதும்.

கடையில் "லேப்டாப் டிடிஆர்3" என்று மட்டும் கேட்காதீர்கள். இதற்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் வேண்டும். 1.5 வோல்ட் ரேமும் அதே ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் இதற்கு ஆகாது. ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோர் ஐ3, ஐ5, ஐ7 மாடல்களில் இரண்டு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி, அதுதான் இன்டெல் சொல்லும் உச்சவரம்பு.

பயோஸையும் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ரேமையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஏதாவது கோளாறு வந்தால் எதனால் என்றே தெரியாது. முதலில் ஹோம் அசிஸ்டன்டில் பேக்கப் எடுத்து வேறு கணினிக்கு மாற்றுங்கள், அதன் என்கிரிப்ஷன் சாவியோடு. அப்புறம் பழைய ரேமோடே பயோஸை அப்டேட் செய்யுங்கள், புதிய ரேம் கடைசியில். உங்கள் மாடலுக்கான கோப்பைப் பென் டிரைவில் போட்டு, பூட் ஆகும்போது எஃப்7 அழுத்தி அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் வேலை தொடங்கிவிடும். யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

முடிந்ததும் எஃப்2 அழுத்தி பயோஸ் அமைப்புகளுக்குள் போங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்டேட்டில் அமைப்புகள் பழைய இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம். செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைந்திருக்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு தானாக இயங்கும்படி 'பவர் ஆன்' தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கரண்ட் போய் வந்தாலும் பெட்டி எழாமல் போகலாம்.