துகள்கள் ஏன் சிதறுகின்றன? டெம் சிமுலேஷனில் பிழையைத் தேடிப் பிடிக்கும் முறை

ஒரு ஹாப்பரில், அதாவது கீழே குறுகும் புனல் வடிவக் கலனில், கண்ணாடி மணிகளை நிரப்பி, அடிவாயைத் திறந்து, அவை கொட்டுவதைக் கணினியில் பார்க்க வேண்டும். டிஸ்கிரீட் எலிமென்ட் முறையை, சுருக்கமாக டெம் முறையை, கற்கத் தொடங்குபவர்கள் பலரும் இந்தக் கணக்கில்தான் கைவைக்கிறார்கள். ஓடவிட்டால் சில ஆயிரம் படிகளுக்குள் மணிகள் சோளப்பொரி போல நாலாபுறமும் தெறிக்கும். அல்லது ‘லாஸ்ட் ஆட்டம்ஸ்’ (துகள்கள் தொலைந்துவிட்டன) என்று ஒரு வரியை எழுதிவிட்டு நிரல் நின்றுவிடும்.

அதைக் கண்டதும் உராய்வைக் கூட்டுவது, அடர்த்தியைக் குறைப்பது என்று கண்ணில் படும் எண்ணையெல்லாம் மாற்றிப் பார்க்கத் தோன்றும். என் முதல் ஹாப்பரில் நானும் இரண்டு நாள் உராய்வுக் குணகத்தோடு மல்லுக்கட்டினேன். தவறு வேறிடத்தில் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979இல் விளக்கிய இந்த முறையின் அடிப்படை எளிது. தொட்டுக்கொள்ளும் இரு துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று மிகச் சிறிதளவு புகலாம். புகுந்த அளவுக்கு ஏற்ப விலக்கு விசை பிறக்கும். விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து புதிய வேகம், அதிலிருந்து புதிய இடம். மறுபடி முதலிலிருந்து. சிமுலேஷன் சிதறுகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஓர் ஊடுருவல் அளவு மீறியிருக்கிறது. அது முதன்முதலில் எந்தப் படியில், எந்தத் துகளில் நடந்தது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

படி 1: சிதறுவதற்கு முந்தைய கணத்துக்குப் போங்கள்

பிழைச்செய்தி வருவது கடைசியில். பிழை நடந்தது அதற்கு வெகு முன்பே. சிதறலுக்குச் சற்று முன் ஒரு மீள்தொடக்கக் கோப்பைச் சேமித்து, அங்கிருந்து பத்துப் படிக்கு ஒருமுறை துகள்களின் நிலையை எழுதச் சொல்லுங்கள். பாராவியூ என்ற காட்சி மென்பொருளில் திறந்து, வேகத்தை வைத்து நிறமிடுங்கள். எல்லா மணிகளும் நீலமாக இருக்க, ஒன்று மட்டும் சிவப்பாகத் தெரியும். அது நிற்கும் இடம்தான் துப்பு. சுவரோரமா, குவியலின் நடுவிலா, துகள்கள் புகுத்தப்படும் பகுதியிலா?

முதல் படியிலேயே சிவப்பு தெரிந்தால், துகள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டீர்கள். ஒரே அளவுக் கோளங்களை எப்படிக் குலுக்கினாலும் ஏறத்தாழ 64 சதவீத இடத்துக்கு மேல் ஒழுங்கின்றி அடைக்க முடியாது. புகுத்தும் பகுதியில் 30 சதவீதம் போல வைத்து, மீதியை ஈர்ப்பு விசை அடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படி 2: ஒரே ஒரு மணி

பத்தாயிரம் மணிகளில் தேடுவதைவிட ஒரு மணியைச் சோதிப்பது எளிது. தட்டையான தரைக்கு 10 சென்டிமீட்டர் மேலிருந்து ஒரு மணியை விடுங்கள். 0.143 வினாடியில் தரையைத் தொட வேண்டும். அப்போது வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர். மீட்சிக் குணகம் (மோதிய வேகத்தில் எத்தனை பங்கு திரும்பக் கிடைக்கிறது என்பது) 0.5 என்று கொடுத்திருந்தால், அதன் வர்க்கம் 0.25, ஆகவே மணி 2.5 சென்டிமீட்டர் எழ வேண்டும்.

விழும் நேரம் தவறினால் ஈர்ப்பு விசையையோ அலகையோ பாருங்கள். விட்ட உயரத்தைத் தாண்டி எழுந்தால், இல்லாத ஆற்றல் எங்கிருந்தோ வந்துவிட்டது. நேரப்படி, அதாவது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான நேரம், பெரிதாக இருக்கிறது. இந்தச் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் பெரிய கணக்கை ஓடவிடாதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

படி 3: நேரப்படியும் யங் குணகமும்

பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம். யங் குணகம் என்பது நீட்டுவதையோ அமுக்குவதையோ ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் எண். மோதலின் அதிர்வு துகளின் மேற்பரப்பில் பரவும் நேரத்தை ராலே நேரம் என்கிறோம். நம் நேரப்படி அதில் 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருப்பது பாதுகாப்பு.

கணக்கிடும் விதம் இது: அடர்த்தியை விறைப்புக் குணகத்தால் (ஷியர் மாடுலஸ்) வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதைத் துகளின் ஆரத்தாலும் பை மதிப்பாலும் பெருக்குங்கள். பாய்சான் விகிதத்தை (அமுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு பருக்கிறது என்பதன் அளவு) 0.1631ஆல் பெருக்கி 0.8766ஐக் கூட்டினால் வரும் எண்ணால் அதை வகுத்துவிடுங்கள். பாய்சான் விகிதத்தோடு 1ஐக் கூட்டி இரட்டித்து, அந்த எண்ணால் யங் குணகத்தை வகுத்தால் விறைப்புக் குணகம் கிடைக்கும். துகள்கள் பல அளவுகளில் இருந்தால், இருப்பதிலேயே சிறிய ஆரத்தையே எடுக்க வேண்டும்.

2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணி: அடர்த்தி கனமீட்டருக்கு 2500 கிலோகிராம், பாய்சான் விகிதம் 0.25, யங் குணகம் 70 கிகாபாஸ்கல் என்று கொள்வோம். ராலே நேரம் ஏறத்தாழ 1 மைக்ரோவினாடி. அதில் 20 சதவீதம் எடுத்தால், ஒரு வினாடி ஓட 50 லட்சம் படிகள் வேண்டும். யங் குணகத்தை 5 மெகாபாஸ்கலாகக் குறைத்தால் ராலே நேரம் 121 மைக்ரோவினாடி. 42,000 படிகள் போதும். எல்லோரும் மணியை மென்மையாக்குவது இதனால்தான்.

ஆனால் அதற்கு விலை உண்டு. மேலே சொன்ன அதே மணி, வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் அதே பொருளாலான தரையில் மோதுகிறது. கோளங்கள் தொடும்போது ஊடுருவலுக்கும் விசைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஹெர்ட்ஸ் விதிப்படி, ஆற்றல் இழப்பைச் சேர்க்காமல் கணக்கிட்டால், உண்மைக் கண்ணாடிக்கு ஊடுருவல் ஆரத்தில் 0.3 சதவீதம். மென்மையாக்கிய மணிக்கு 14 சதவீதம்! மணி கிட்டத்தட்ட ரப்பராகிவிட்டது. மெதுவாக நகரும் குவியலுக்கு இந்த மென்மை பொருந்தலாம். உயரத்திலிருந்து கொட்டும் கணக்குக்குப் பொருந்தாது. யங் குணகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் ஊடுருவல் இரண்டரை மடங்கு குறையும், படிகள் மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெருகும். என் வழக்கம், பெரும் ஊடுருவல் ஆரத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை குணகத்தை ஏற்றுவது. பிறகு இன்னும் ஒருமுறை ஏற்றி ஓட்டிப் பார்ப்பேன். கொட்டும் வேகம் மாறவில்லையென்றால் முந்தைய மதிப்பிலேயே நின்றுவிடலாம்.

படி 4: காணாமல் போகும் துகள்கள்

என் இரண்டு நாளைத் தின்ற பிழை இந்த வகை. ஹாப்பர் மில்லிமீட்டரில் வரையப்பட்டிருந்தது. சிமுலேஷன் மீட்டரில் ஓடியது. 200 மில்லிமீட்டர் உயர ஹாப்பர் 200 மீட்டராகி, மணிகள் வெற்றிடத்தில் விழுந்து எல்லையைத் தாண்டிப் போயின. ஹாப்பரின் வடிவத்தை முக்கோண வலையாகச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு எழுதப்படுவதில்லை. ஆகவே முதலில் ஹாப்பரையும் ஒரு மணியையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, சுவர் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அண்டைத்துகள் பட்டியல், அதாவது எந்தத் துகளுக்கு அருகில் எவை இருக்கின்றன என்று நிரல் வைத்துக்கொள்ளும் குறிப்பு. லாம்ப்ஸ் என்ற துகள் சிமுலேஷன் மென்பொருளும் அதிலிருந்து கிளைத்தவையும் ஓட்டத்தின் முடிவில் ‘டேஞ்சரஸ் பில்ட்ஸ்’ என்று ஓர் எண்ணைக் காட்டும். அது பூச்சியமாக இல்லாவிட்டால், பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு துகள்கள் தொட்டும் நிரல் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அடிக்கடி புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

தொலைந்த துகள்களைப் பொருட்படுத்தாதே என்று ஒரு கட்டளையும் உண்டு. கொட்டிய மணிகள் எல்லைக்கு வெளியே போவது திட்டமிட்டது என்றால் மட்டும் அதைப் போடுங்கள். மற்றபடி அது காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பதற்குச் சமம்.

படி 5: ஓடுகிறது, ஆனால் விடை சரியா?

முதலில் எடை. அடி தட்டையான உருளையில் சுவர் உராய்வைப் பூச்சியமாக்கி 10,000 மணிகளை அடங்கவிடுங்கள். தரைமேல் விழும் விசை 1.03 நியூட்டன் வர வேண்டும். அடர்த்தியை 2500க்குப் பதில் 2.5 என்று எழுதியிருந்தால் உடனே பிடிபடும். சுவர் உராய்வைத் திரும்பக் கொடுத்தால் தரைமேல் விசை குறையும். அது பிழையன்று, சுவரே எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895லேயே காட்டியிருக்கிறார்.

அடுத்தது குவியலின் சரிவு. கடுகைக் கொட்டினால் உருண்டு பரவும், அரிசியைக் கொட்டினால் மேடாக நிற்கும். நம் கோளங்கள் எல்லாம் கடுகுதான். அரிசி போன்ற துகளுக்குக் கோளத்தையே வைத்துக்கொண்டால், உருளல் உராய்வைச் சேர்க்காமல் குவியல் உயராது. உண்மைப் பொருளை ஒரு குழாயில் நிரப்பி, குழாயை மெதுவாகத் தூக்கி, சரிவை அளந்து அதற்கேற்ப உராய்வுகளைத் திருத்துங்கள். ஒரே சரிவை வெவ்வேறு உராய்வு இணைகள் தரக்கூடும். ஆகவே கொட்டும் வேகத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

ஹாப்பர் அடைத்துக்கொண்டால் உடனே நிரலைத் திட்டாதீர்கள். 2 மில்லிமீட்டர் மணிகளுக்கு 8 மில்லிமீட்டர் வாய் வைத்தால், மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்றுவிடும், உண்மையிலும் அப்படித்தான். வாயை 20 மில்லிமீட்டராக்கி ஓட்டுங்கள். கொட்டினால் நிரல் நலமாக இருக்கிறது. ஹாப்பர் காலியாகக் காலியாகக் கொட்டும் வேகம் குறையவில்லையே என்றும் கவலை வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைப் போலன்றி, துகள்களின் வேகம் நிரப்பிய உயரத்தைப் பெரும்பாலும் சார்ந்திருப்பதில்லை.

கணினியின் நான்கு கோர்களில் (செயலிக் கருக்களில்) ஓட்டியதும் எட்டு கோர்களில் ஓட்டியதும் மணிக்கு மணி ஒத்துப்போகாது. விசைகளைக் கூட்டும் வரிசை மாறும்போது கடைசித் தசமத்தில் வரும் வேறுபாடு, மோதலுக்கு மோதல் பெருகும். தனி மணியின் இடத்தை ஒப்பிடாமல், வினாடிக்கு எத்தனை கிராம் கொட்டியது என்பதை ஒப்பிடுங்கள். அதிலும் பெரிய வேறுபாடு இருந்தால் படி 4க்குத் திரும்பி அண்டைத்துகள் பட்டியலை மறுபடி பாருங்கள்.